கத்ரினும் அண்ணனும் சேர்ந்து போட்ட கணக்கு

நான் வேலை பார்க்கும் அறைக்குள் வருகிற மாணவர்கள் "எனக்கு ஒன்றுமே புரியவில்லை" என்று சொல்லும் தொனி இன்னும் எனக்குப் பழகவில்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்கிறார்கள். ஒரு கையில் பாதி தின்ற ஆப்பிள், மறு கையில் சைக்கிள் ஹெல்மெட். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "வனிதா, இந்த இரட்டைத் தொகையிடல் மண்டையில் ஏறவே இல்லை" என்கிறார்கள். முகத்தில் கூச்சம் இல்லை. ஆசிரியர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பக்கத்திலிருப்பவரைப் பார்ப்பதும் இல்லை. ஜெர்மனியின் கிழக்குக் கோடியில், போலந்து எல்லைக்குப் பக்கத்து நகரம் ஒன்றில் உள்ள பல்கலைக்கழகம் இது. அந்த அறைக்கு லெர்ன்ரௌம் என்று பெயர், படிப்பறை என்று வைத்துக்கொள்ளலாம். பொறியியல் படிக்கிறவர்கள் கணக்கில் தடுக்கினால் வந்து கேட்கலாம். பெரும்பாலும் தடுக்குவது பல மாறிகள் கொண்ட நுண்கணிதத்தில்தான். அதுவரை x ஒன்றோடு வாழ்ந்தவர்களுக்கு y-யும் z-ம் சேர்ந்து வந்ததும் தலை சுற்றிவிடுகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் ஜெர்மன் அரைகுறை. எங்கள் ஊர் மந்தாரக்குப்பத்து டியூஷனில் பழகிய வாக்கியத்தை அப்படியே மாற்றி, எதிரில் உட்காருகிறவர்களிடம் "ஹாபென் ஸீ ட்ஸ்வைஃபெல்?" என்று கேட்பேன். ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்பதாக எனக்கு எண்ணம். இங்கே பாடத்தில் புரியாததைக் கேள்வி என்றுதான் சொல்வார்கள். ட்ஸ்வைஃபெல் என்றால் மனசுக்குள் அரிக்கிற ஐயம், தன்மேலேயே நம்பிக்கை போவது. இளசுகள் விழித்துவிட்டுப் போய்விட்டார்கள். கத்ரின் என்ற மூத்த மாணவி மட்டும் பதில் சொன்னாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும் வருகிறது" என்றாள்.

நான் தாளை என் பக்கம் இழுத்து, "எந்த அத்தியாயத்தில்?" என்று கேட்டேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்து, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "எல்லா அத்தியாயத்திலும்" என்றாள். வார்த்தையின் பொருளை அவளே எனக்கு விளக்கினாள். அன்று கணக்கு எதுவும் போடவில்லை.

கத்ரினுக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். வகுப்பிலேயே மூத்தவள். நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிக்கும் வேலையில் இருந்தவள். சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்றானதும், மற்றவர்களைப் போல இழப்பீட்டை வாங்கிக்கொண்டு வீட்டிலிருக்காமல் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கச் சேர்ந்துவிட்டாள். மற்ற பாடங்களில் பரவாயில்லை. இரண்டாம் பருவக் கணக்கில் இரண்டு முறை தோற்றிருந்தாள். இங்கே ஒரு பாடத்தை எழுத மூன்றே வாய்ப்பு. மூன்றாவதிலும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். இதே படிப்பை இந்த நாட்டில் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் கிட்டத்தட்ட முடியாது. கத்ரினுக்கு முன்னால் இருந்தது அந்த மூன்றாவது.

நானும் பழுப்பு நிலக்கரி ஊர்க்காரிதான் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. அவர்கள் மொழியிலும் அதற்குப் பெயர் பிரௌன்கோலெ, எழுத்துக்கு எழுத்து பழுப்புக் கரிதான். இந்தியாவில் தேயிலையும் யானையும்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். ஜன்னல் கட்டையில் படிகிற தூசியைப் பற்றிச் சொன்னேன். ஷிஃப்ட் முடிந்து வந்தால் அப்பா சட்டையை வாசலிலேயே உதறுவார் என்று சொன்னேன். தூசியைச் சொன்னதும்தான் நம்பினாள்.

எங்கள் அப்பாவுக்குக் கம்மாபுரம் பக்கத்தில் ஒரு சிற்றூர். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது எங்கள் நிலமும் போனது. பதிலுக்கு அப்பாவுக்கு பர்மனெண்ட் வேலை கிடைத்தது. டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். நானும் அண்ணன் பாலுவும் அந்த நேர்கோட்டுத் தெருக்களில், எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளோடும் வளர்ந்தோம். பக்கத்து வீட்டில் திருநெல்வேலித் தமிழ், எதிர்வீட்டில் கோயம்புத்தூர்த் தமிழ். ஊருக்குப் போனால் சித்தப்பா பிள்ளைகள் எங்களை "டவுன்ஷிப் ஆளுங்க வந்துட்டாங்க" என்பார்கள். டவுன்ஷிப்பில் நாங்கள் நிலம் கொடுத்த ஆட்கள். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போனோம். நாங்கள் வளர்ந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

அங்கே டியூஷன் வகுப்பு முடியும்போது சார் "எனி டவுட்ஸ்?" என்பார். ஒரு கையும் உயராது. கேட்டால் கவனிக்கவில்லை என்று அர்த்தம். அல்லது மண்டு என்று அர்த்தம். அதையும் மீறிக் கேட்டால் முன்பெஞ்சு திரும்பிப் பார்க்கும். எனக்குக் கணக்கு தானாக வந்தது, அதனால் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அண்ணனுக்கு வரவில்லை, அவனும் கேட்கவில்லை. இன்ஜினியரிங் சேர்ந்தான். மெக்கானிக்கல். மற்ற எல்லாப் பாடத்தையும் முடித்தான். எம்-டூ என்று எல்லோரும் சொல்கிற அந்தக் கணக்குத் தாள் மட்டும் அரியராக நின்றுவிட்டது. அடுத்த முறை எழுதினான், அதற்கடுத்த முறையும் எழுதினான். நான் அப்போது பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டு, அதே வீட்டில், அடுத்த அறையில் இருந்தேன். ஒருமுறை நானாகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் புத்தகத்தை மூடிவிட்டு, "டீ போடறியா பாப்பா?" என்றான். போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். அதோடு அந்தப் பேச்சு வீட்டில் முடிந்தது. கான்ட்ராக்டில் சுரங்க வேலைக்குப் போனான். அப்பா பர்மனெண்டாக இருந்த அதே இடத்தில் மகன் கான்ட்ராக்ட். ஒரு பேப்பர் பாக்கி, ஒரு பேப்பர் பாக்கி என்று சொல்லிச் சொல்லியே அவனுக்குக் கல்யாணமாகி, பெண் பிறந்து, தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு பேசும்போது, பேச்சு ஓடவில்லையே என்று கத்ரின் கதையைச் சொன்னேன். ட்ஸ்வைஃபெல் கூத்தைச் சொன்னபோது சிரித்தான். மூன்றாவது வாய்ப்பு என்றதும் சிரிப்பு நின்றது.

"அந்தம்மா எந்தக் கணக்குல நிக்கிறாங்க?"

"சேஞ்ச் ஆஃப் ஆர்டர்ண்ணா. இரட்டைத் தொகையில வரிசைய மாத்திப் போடறது."

"நானும் அங்கதான் நின்னுட்டேன்" என்றான். உடனே மழை பெய்ததா, அங்கே குளிரா என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

மறுநாள் அண்ணி கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "வனிதா, பழைய அரியர் வச்சிருக்கறவங்க ஒரு தடவ எழுதலாம்னு யுனிவர்சிட்டில சொல்லியிருக்காங்க. இதான் கடைசின்றாங்க. நான் சொல்லிச் சொல்லி ஃபீஸ் கட்ட வச்சிட்டேன். ஆனா புக்க எடுத்து வச்சிக்கினு சும்மா பாத்துக்கினு இருக்காரு. உன்னாண்ட கேளுங்கன்னா, தங்கச்சிகிட்ட போயி கேக்கச் சொல்றியான்றாரு. அவுரு வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. நீயா சொல்ற மாதிரி சொல்லேன்."

நானாகச் சொல்வதுபோலச் சொன்னேன். கத்ரினுக்குச் சொல்லிக்கொடுக்க முன்தயாரிப்பு வேண்டியிருக்கிறது, நீ கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு உதவியாக இருக்கும் என்றேன். அவனுக்குத் தெரிந்துதான் இருக்கும். ஒப்புக்கொண்டான். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு உட்காருவான். நான் விளக்குவேன். "ம்", "சரி", "புரியுது" என்பான். அந்தச் "சரி"யை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஒரு கணக்குக் கொடுத்தால் "அப்புறமா போட்டு அனுப்பறேன்" என்பான். வராது. நானும் கேட்க மாட்டேன். இப்படியே வாரங்கள் போயின. லெர்ன்ரௌமில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிப் புரியவைக்கிற எனக்கு, கூடப் பிறந்தவனுக்கு ஒரு படம் வரைந்து காட்ட வழி தெரியவில்லை.

கணக்கு இதுதான். சில இரட்டைத் தொகைகளில் முதலில் y-யைத் தொகையிட ஆரம்பித்தால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்போம். வரிசையை மாற்றி x-ஐ முதலில் எடுத்தால் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் வரிசையை மாற்றினால் எல்லைகளும் மாறும். எந்தப் பரப்பின்மேல் தொகையிடுகிறோம் என்று படம் வரைந்து பார்க்காமல் அந்தப் புது எல்லைகள் கிடைக்காது. கத்ரின் dx-ஐயும் dy-யையும் இடம் மாற்றிவிட்டு எல்லைகளைப் பழையபடியே விட்டுவிடுவாள். அண்ணனும் அதைத்தான் செய்வான் என்று எனக்கு ஊகம். அவன் காட்டினால்தானே தெரியும்.

சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகம் பூட்டியிருக்கும். தேர்வு நெருங்கியதால் கத்ரினை வீட்டுக்கே வரச் சொன்னேன். பிளம் பழம் பதித்த கேக் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பிய நேரத்தில் அண்ணன் வீடியோவில் வந்தான். பி ஷிஃப்ட் மாறிவிட்டது, அதனால் இப்போதே பேசலாமா என்று கேட்க வந்தவன், திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியைப் பார்த்ததும் பனியனோடு எழுந்து ஓடி, சட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

"குட் ஆஃப்டர்நூன் மேடம்."

"ஹலோ பாலு!" என்றாள் கத்ரின். "ஷிஷ்ட்? நீயும் ஷிஷ்ட் வேலையா?" அவர்கள் மொழியில் ஷிஃப்டுக்கு அதுதான் சொல். நான் மொழிபெயர்க்க வேண்டியே இருக்கவில்லை.

"யெஸ் மேடம். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட். கன்வேயர் பெல்ட் ஒன்லி."

கத்ரின் மேசையைத் தட்டினாள். "பெல்ட்! நானும்!" மழைக்காலத்தில் பெல்ட்டில் சேறு ஒட்டிக்கொள்வதைப் பற்றி உடைந்த ஆங்கிலத்திலும் கையாலும் இருவரும் பேசிக்கொண்டார்கள். நான் கேக்கை வெட்டினேன். பிறகு, நீயும் இருந்து பார் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, அவனுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே கத்ரினுக்கு அந்தக் கணக்கை விளக்கத் தொடங்கினேன்.

"நோஹ் மால்" என்றாள் அவள். மறுபடியும் சொல் என்று அர்த்தம். மறுபடியும் சொன்னேன். "நோஹ் மால், வனிதா. இன்னும் புரியவில்லை." வேறு மாதிரி சொன்னேன். தலையை ஆட்டினாள். "இல்லை. நீ வேகமாகப் போகிறாய். இந்த x எங்கிருந்து எங்கே போகிறது? அதைச் சொல்லாமலே தாண்டிவிட்டாய்." அவள் குரலில் கோபம் இல்லை, பணிவும் இல்லை. மேசையில் உப்பை எடுத்துக் கொடு என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

அப்போது செல்போனிலிருந்து அண்ணன் குரல் வந்தது. "பாப்பா, அந்தம்மா கேக்கறது சரிதான். அந்த எடத்துல எனக்கும் புடிபடல. எப்பயுமே புடிபட்டதில்ல. கோட்டுலேர்ந்து ஆரம்பிக்குதா, அச்சுலேர்ந்து ஆரம்பிக்குதா?"

நான் பேனாவை வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் தாளில் எதையோ அடித்துவிட்டுத் திருத்திக்கொண்டிருந்தான். கணக்கில் வருகிற முக்கோணப் பரப்பைப் பெரிதாக வரைந்து, ஒரு பென்சிலைப் படுக்கை வாட்டில் வைத்து, கோட்டிலிருந்து மெல்ல நகர்த்திக் காட்டினேன். அண்ணன் தானும் ஒரு படம் வரைந்து கேமராவுக்கு நேரே பிடித்தான். கோணல்மாணலாக இருந்தது. எல்லைகள் சரியாக இருந்தன. கத்ரின் அதைப் பார்த்துவிட்டுத் தன் படத்தைத் திருத்தினாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் மூன்று பேராக உட்கார்ந்தோம். அவன் கதவைச் சாத்துவதை விட்டுவிட்டான். பின்னால் அவன் மகள் ஓடுவதும், அண்ணி காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்ப்பதும் தெரியும். கத்ரின் அண்ணிக்குக் கை காட்டுவாள். அவள் கத்தியைப் பிடித்த கையோடு திருப்பிக் காட்டுவாள்.

கத்ரினுக்குத் தேர்வு முதலில் வந்தது. முடிவு வந்த அன்று அவள் லெர்ன்ரௌமுக்கு வந்து, என் எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே, "தேறவில்லை" என்றாள். நன்றி சொல்லிக் கை குலுக்கினாள். அழுதது நான்தான். பதற்றத்தில் "அடுத்த முறை" என்று வாயில் வந்துவிட்டது. அவள் என் தோளைத் தொட்டு, "அடுத்த முறை என்று ஒன்று இல்லை, வனிதா. உனக்கே தெரியும்" என்றாள். நானறிந்தவரை அந்த வருஷம் அவளைவிட அதிகமாகக் கேள்வி கேட்டவர் யாருமில்லை. தன் வாழ்க்கையில் ஒருவரிடமும் அவள் கேட்கக் கூச்சப்பட்டிருக்க மாட்டாள். அப்படியும் தோற்றாள். கேட்டால் கிடைத்துவிடும் என்று இந்த ஊரைப் பற்றி நான் கட்டிவைத்திருந்த எண்ணம் அன்றைக்குச் சரிந்தது. இங்கே கேட்பது சுலபம், கதவுதான் சீக்கிரம் சாத்தப்படுகிறது. அங்கே கேட்பது கஷ்டம். கதவோ வருஷக்கணக்காக ஒருக்களித்தே கிடந்து, உள்ளே போகவும் விடாமல் வெளியே போகவும் விடாமல் ஒரு மனிதனை நிறுத்தி வைக்கிறது. இரண்டில் எது இரக்கம் என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்கள் யோசித்துப் பாருங்கள்.

கத்ரின் தேறாததை அண்ணனிடம் அவன் தேர்வு முடிவு வரும்வரை சொல்லவில்லை. அவன் தேறினான். மயிரிழையில்தான், ஆனாலும் தேறினான். அண்ணி போனில் கூவியதில் எனக்கு வார்த்தையே பிடிபடவில்லை. போனை வாங்கிய அண்ணன் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "அந்தம்மா என்ன ஆனாங்க?" என்று கேட்டான். சொன்னேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான பாப்பா போட்டோம்" என்றான்.

பட்டம் கையில் வந்த பிறகும் அவன் அதே பெல்ட்டில்தான் இருக்கிறான். வெளியே இரண்டு மூன்று கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறான், இன்னும் பதில் வரவில்லை. மாறியது வேறு ஒன்று. மகள் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால், "எனக்கும் தெரியலடி, வா பாக்கலாம்" என்கிறானாம். அண்ணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

கோடையில், பெர்லினுக்கு வந்த ஒருவர் கையில் அண்ணன் காடாம்புலியூர் முந்திரி கொடுத்தனுப்பியிருந்தான். பொட்டலத்தின்மேல் ஆங்கிலத்தில் கத்ரின் மேடம் என்று அவன் கையெழுத்து. அவளுக்குப் போன் செய்தபோது வேலையிடத்துக்கே வரச் சொன்னாள். வெட்டி முடித்த ஒரு பழைய சுரங்கத்தில் தண்ணீர் நிரப்பி ஏரியாக்கியிருக்கிறார்கள். அதன் கரையில் மரம் நட்டுப் பராமரிக்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். "சில நாள் காலையில் கோபமாக வருகிறது. சில நாள் வருவதில்லை" என்றாள். இருவரும் புல்லில் உட்கார்ந்து முந்திரியைத் தின்றோம். வறுக்காத முந்திரியை அவள் அதற்குமுன் தின்றதில்லை.

"பாலுவைக் கூப்பிடு, நன்றி சொல்ல வேண்டும்" என்றாள். கூப்பிட்டேன். அவன் வேலை முடிந்து கம்மாபுரம் ரோட்டில் வண்டியில் வந்துகொண்டிருந்தான். ஓரங்கட்டி நின்று, "மேடம், ஹவ் ஆர் யூ?" என்றான். அவனால் அதற்குமேல் கேட்க முடியவில்லை. அவள், இந்த ஏரிக்கு அடியில்தான் தான் பிறந்த ஊர் இருந்தது என்று அவனிடம் சொன்னாள். எனக்கே அது அப்போதுதான் தெரியும். பள்ளி, தேவாலயம், தன் வீட்டுக் கோழிக்கூண்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "இரு பாப்பா, நம்மளத காட்டறேன்" என்று கேமராவைத் திருப்பினான். தூரத்தில் சுரங்கத்து மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடு. மேலே புதர் முளைத்துப் பச்சையாகத் தெரிந்தது.

"அந்தா, அந்த ஒத்த மரம் நிக்குது பாரு. அதுக்கு நேர் கீழதான் நம்ம கொல்லி நெலம். தெரியுதா?"

அதே நேரத்தில் கத்ரின் எழுந்து நின்று ஏரியின் நடுவைக் காட்டினாள். "அந்த மிதவைக்குக் கொஞ்சம் இடப்பக்கம். எங்கள் சமையலறை. ஸீஸ்ட் டூ?" தெரிகிறதா என்றுதான் அவளும் கேட்டாள்.

நான் பிறப்பதற்கு முன்பே அப்பா விட்டுக் கொடுத்த நிலம் அது. அவள் ஊரையும் நான் கண்டதில்லை. திரையில் வெயிலின் கூச்சமும், கண்ணெதிரே தண்ணீரின் மினுமினுப்பும் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. இருவரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நான் அண்ணனைப் பார்த்து ஜெர்மனில் "யா" என்றேன். கத்ரினைப் பார்த்து "தெரியுது" என்றேன்.